ஊர் எது? அதிலே தெரு எது?

வீடு வாடகைக்கு விடப்படும்!

மூன்றே சொற்கள். அட்டையிலே எழுதி வாயிற்கதவிலே தொங்கவிடுவார்கள். இந்நாளில் அட்டை அருகிவிட்டது. கைப்பேசித் திரையிலே மின்னுகிறது அதே அறிவிப்பு. படிப்பவன் என்ன எண்ணிக்கொள்கிறான்? வீடு இருக்கிறது, வாடகை கேட்கிறார்கள், கையிலே பணம் இருந்தால் வீடு கிடைக்கும் என்று எண்ணிக்கொள்கிறான். கத்தரிக்காய்க் கூடைக்காரி காசைப் பார்க்கிறாள், வாங்குபவன் காயைப் பார்க்கிறான். நீ இன்ன சாதி, உனக்குக் கத்தரிக்காய் இல்லை என்று எந்தக் கூடைக்காரியும் சொல்வதில்லை. வீட்டுச் சந்தையும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பிக்கொண்டு, பட்டறையிலே அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வெயிலிலே கிளம்புகிறான் பாட்டாளித் தோழன். மாலையிலே திரும்புகிறான். பணம் இருக்கிறது பையிலே, வீடு இல்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை அவனுக்கு. "போற இடமெல்லாம் இப்பத்தான் முடிஞ்சுதுன்னு சொல்றாங்கண்ணே" என்கிறான்.

காரணம் தெரிந்தவர் ஒருவர் உண்டு. வீட்டுக்காரருக்கும் குடிவருவோருக்கும் நடுவே நின்று, இரு தரப்பார் மனத்தையும் படித்து, அந்தப் படிப்பிலேயே வயிறு வளர்ப்பவர், வீட்டுத் தரகர். சென்னையிலே சதுர அடி என்ன விலை, எந்தப் பக்கம் ஏறுமுகம், எந்தப் பக்கம் இறங்குமுகம் என்றெல்லாம் வழவழப்பான தாளிலே அறிக்கை அச்சிடுகிறார்கள் பெரிய நிறுவனத்தார். அந்த அறிக்கையிலே காணாத பாடம் தெருமுனைத் தேநீர்க்கடையிலே நிற்கும் தரகரிடம் இருக்கிறது. மாம்பலத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் காலால் அளந்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலிலே இருப்பவர் ஒருவரிடம் நாம் பேசிக்கொண்டிருந்தோம். "பேர் மட்டும் போட்டுடாதீங்க" என்றார். போடவில்லை. பேச்சு கிடைத்ததே, அது போதும் நமக்கு.

தொழில் எப்படி? என்றோம். முன்போல இல்லை என்றார். கைப்பேசியிலே வீடு தேடும் வசதி வந்த பிறகு தரகரை ஒதுக்கிவிட்டு நேரே போய்விடுகிறார்களாம் பாதிப்பேர். மீதிப் பாதியிலே ஒரு மாத வாடகை தரகு. சில வீட்டுக்காரர்கள் தங்கள் பங்குக்கும் தருவார்கள், பலர் தருவதில்லை. வீடு அமையாவிட்டால், நடந்த நடைக்குக் கூலி கிடையாது. மாதச் சம்பளம் இல்லை, வைப்புநிதி இல்லை, வயதானால் ஓய்வூதியம் இல்லை. ஆகவே தோழர்களே, தரகர் என்றதும் சுரண்டிப் பிழைப்பவர் என்று ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டாம். அவரும் ஓர் உழைப்பாளி. கால் தேயும் உழைப்பாளி.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கமெல்லாம் கீழ்த்தளம் என்றால் முகம் சுளிக்கிறார்கள், தண்ணீர் ஏறுமா என்பதுதான் முதல் கேள்வி என்றார். 2023 டிசம்பர்ப் புயல்மழைக்குப் பிறகு அந்தக் கேள்வி இன்னும் பலத்துவிட்டதாம். ஏரியையும் சதுப்பையும் மனையாக்கி விற்றவர்கள் பணத்தோடு போய்விட்டார்கள். தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடிக்கொண்டு ஆண்டுதோறும் வருகிறது. அது தனிக் கதை.

முன்பணக் கதையைக் கேளுங்கள். பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' என்று கேட்பது சென்னையின் நெடுநாள் வழக்கம். மாதம் 12,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 1,20,000. தரகு 12,000. முதல் மாத வாடகை 12,000. ஆக 1,44,000 ரூபாயை எண்ணி வைத்தால்தான் சாவி! ஓர் ஆண்டு வாடகையை ஒரே நாளிலே கொட்ட வேண்டும். கழுத்து நகை அடகுக்கடைக்குப் போகிறது. அந்த வட்டி, வாடகைக்கு மேல் வாடகை.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2017-இல் புதுச் சட்டம் இயற்றினார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது அது. ஆகா, ஏழைக்கு விடிந்தது என்று எழுந்து நிற்காதீர்கள். அதே வாசகத்தின் தொடக்கத்திலேயே, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலன்றி என்று ஒரு கூட்டுச் சொல்! வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளத்தானே வீட்டுக்காரர் உட்கார்ந்திருக்கிறார்? குடிவருபவன் கையெழுத்து மாட்டேன் என்றால் சாவி ஏது? கதவைப் பூட்டிவிட்டுச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டுப் போன புத்திசாலித்தனம்! ஒப்பந்தத்தை எழுத்திலே செய்து வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் இருக்கிறது. "பதியச் சொல்ற குடித்தனக்காரனுக்கு வீடு யாருங்க குடுப்பா?" என்று சிரிக்கிறார் தரகர்.

இவ்வளவும் பணத்தின் கதை. பணம் புரட்டிவிடலாம்; பட்டினி கிடந்தாவது புரட்டுகிறான் தொழிலாளி. புரட்ட முடியாத ஒன்றையும் கேட்கிறார்களே, அதைத்தான் இன்று எழுத வந்தோம்.

வீட்டுக்காரர் உங்களிடம் என்ன சொல்லி அனுப்புவார்? என்று கேட்டோம். தரகர் விரல்விட்டு எண்ணினார். "வக்கீல் வேணாம்பாங்க, போலீஸ் வேணாம்பாங்க, பத்திரிகைக்காரங்க வேணாம்பாங்க, காலி பண்ணச் சொன்னா சட்டம் பேசுவாங்களாம்." (நம்மை ஒரு பார்வை பார்த்துக்கொண்டே சொன்னார்.) "தனியா இருக்கிற பொம்பளைங்க வேணாம், கல்யாணம் ஆகாத பசங்க வேணாம். அப்புறம், அது தெரிஞ்சதுதானே, சார்."

எது தெரிந்தது? வற்புறுத்திய பிறகு சொன்னார். சொல்லும்போது குரலிலே வெறுப்பு இல்லை, வெட்கமும் இல்லை. மளிகைக்காரர் புளி விலை சொல்வது போலச் சொன்னார்.

சாதி என்ன என்று யாரும் கேட்பதில்லையாம். அது அநாகரிகம்! நாகரிகமாகக் கேட்கிறார்கள். சொந்த ஊர் எது? என்கிறார்கள். ஊர் பேர் சொன்னதும், அங்கே எந்தத் தெரு? என்கிறார்கள். தெருவைச் சொன்னால் சாதியைச் சொன்னதாகிவிடுகிறது. நம் ஊர்களைத்தான் அப்படிக் கட்டி வைத்திருக்கிறார்களே! தெருவிலே பிடிபடாவிட்டால் குலதெய்வம். அதிலும் பிடிபடாவிட்டால் அப்பா பேர், தாத்தா பேர், தாத்தா என்ன தொழில். பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி: சாப்பாடு எப்படி? முஸ்லிம் தோழருக்கு இந்தத் தேர்வுகூட இல்லை. பேரைச் சொன்ன மாத்திரத்திலே, நேற்றுவரை காலியாக இருந்த வீடு முடிந்துபோன வீடாகிவிடுகிறது.

கைப்பேசி விளம்பரத்திலே இத்தனையும் சுருங்கி, சைவம் மட்டும் என்ற இரண்டே சொல்லாக நிற்கிறது.

மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டிலே 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் புலால் உண்பவர்கள் என்றது. அப்படியானால் சைவம் மட்டும் என்ற வீடுகளுக்கெல்லாம் மிச்சமுள்ள மூன்று பேரிலிருந்தா ஆள் பிடிக்கிறார்கள்? தரகரிடம் கேட்டோம். அவர் சொன்ன விளக்கம், நூறு ஆராய்ச்சி ஏட்டுக்குச் சமம். "போர்டு அப்படித்தான் சார் இருக்கும். மனசுக்குப் பிடிச்ச ஆளு வந்தா, சமைக்கும்போது ஜன்னலைச் சாத்திக்கோங்கன்னு சொல்லிக் குடுத்துருவாங்க. பிடிக்காத ஆளு வந்தா போர்டைக் காட்டுவாங்க. சாதி கேட்ட பாவமும் இல்லை, இல்லைன்னு சொன்ன சங்கடமும் இல்லை."

புரிகிறதா தோழர்களே? அது அடுப்படிக்குப் போட்ட சட்டமல்ல. வாசலுக்குப் போட்ட வடிகட்டி. ஆட்டுக்கறிக்கும் கருவாட்டுக்கும் அஞ்சி எழுதியதாக நடிக்கிறார்கள். அஞ்சுவது ஆளைக் கண்டு. ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக் கடையிலே பொட்டலத்துக்கு வரிசையிலே நிற்கும் வீட்டுக்காரர், திங்கட்கிழமை தம் வீட்டு மாடியிலே புலால் வாடை கூடாது என்கிறார் என்றால், வாடை எங்கிருந்து வருகிறது? வருணாசிரமக் குப்பைத் தொட்டியிலிருந்து வருகிறது!

இதற்கு முன்பும் ஒரு பலகை தொங்கியது இந்நகரத்திலே. உணவு விடுதி வாயில்களிலே 'பிராமணாள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். 1957-இலே திருவல்லிக்கேணி முரளி கபே வாயிலில் பெரியாரின் தொண்டர்கள் மறியல் செய்தார்கள். நாள்தோறும் சென்றார்கள், நாள்தோறும் கைதானார்கள். ஒரு சொல்லுக்காகவா இத்தனை பாடு என்று கேலி பேசினார்கள் அன்றைய மேதாவிகள். அந்தச் சொல் தன்னை மட்டும் சொல்லவில்லை, வெளியே நிற்பவனையும் சேர்த்துச் சொல்லிற்று. அதைத் துடைத்தெறிய அன்று ஆள் இருந்தது. இன்று அதே கருத்து வேறு சொல்லிலே வந்து, விடுதி வாயிலை விட்டு வீட்டு வாயிலிலே உட்கார்ந்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் இடத்தையும் பாருங்கள்!

தரகர் நடந்து தேயும் அந்தத் தியாகராய நகர், யார் பேரால் விளங்குவது? நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவரான பிட்டி தியாகராயர் பேரால். 1920-களிலே, நீதிக்கட்சி ஆட்சியின்போது, மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து வகுத்த நகர் அது. நடுவிலே பூங்கா, பனகல் அரசர் பேரால். கடைவீதியாகக் களைகட்டும் சாலை, நீதிக்கட்சித் தலைவர்களில் ஒருவரும், 1934-இலே சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராக வீற்றிருந்தவருமான முகமது உஸ்மான் பேரால். அந்த உஸ்மான் சாலையிலிருந்து கூப்பிடு தொலைவிலே, உஸ்மான் என்று பேர் சொல்பவனுக்கு வீடு முடிந்துவிட்டதாம்!

இன்னும் பின்னே போவோம். நம் இயக்கத்தின் வரலாறு எங்கே தொடங்குகிறது? மாநாட்டுப் பந்தலிலா? அறிக்கையிலா? ஒரு வாடகை அறையிலே தொடங்குகிறது என்றே சொல்லலாம். வெளியூர்களிலிருந்து கல்லூரிப் படிப்புக்காகச் சென்னை வந்த பார்ப்பனரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் இல்லை. சோறு போடும் விடுதிகளிலே சாதி பார்த்தார்கள். அந்த இளைஞர்களுக்காக 1916-இலே திருவல்லிக்கேணியில் 'திராவிடர் இல்லம்' என்ற விடுதியைத் தொடங்கினார் டாக்டர் நடேசனார். மருத்துவர் அவர், நாடி பிடித்துப் பார்த்து நோய் இன்னதென்று கண்டார். இடமில்லை என்ற சொல்தான் அந்த நோய். நூறு ஆண்டு கடந்துவிட்டது. பட்டம் பெற்றோம், பதவி பெற்றோம், கோட்டையிலே கொடியேற்றினோம். திருநெல்வேலியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் படிப்புக்கும் வேலைக்கும் வரும் ஆதித்திராவிட வீட்டுப் பிள்ளை, சென்னையிலே இன்று கேட்கிற சொல் என்ன? இடமில்லை!

இதிலே பணக் கணக்கும் ஒளிந்திருக்கிறது; அதைத் தரகர்தான் நமக்குக் காட்டினார். பத்து வீடு காலியாக இருந்தால், சிலருக்குப் பத்தும் திறக்கும். சிலருக்கு இரண்டுதான் திறக்கும். அந்த இரண்டு வீட்டுக்காரருக்கும் தெரியும், இவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை என்று. "அதே ஹால், அதே கிச்சன், அதே குழாய்த் தண்ணி. ஆயிரம் கூடக் கேப்பாங்க. குடுப்பாங்க. குடுக்காம எங்க போவாங்க?" என்கிறார். மாதம் ஆயிரம் என்றால் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம். எந்தச் சட்டமன்றமும் விதிக்காத வரி! ரசீது இல்லாத வரி! தாழ்த்தப்பட்டவனாகப் பிறந்ததற்கும், இஸ்லாமியனாகப் பிறந்ததற்கும், மாதந்தோறும் முதல் தேதியிலே கட்டும் வரி. சந்தை சாதியை ஒழித்துவிடும், காசுக்குச் சாதி தெரியாது என்று பேசுகிற பொருளாதார அறிஞர்கள் ஒருநாள் இந்தத் தரகரோடு நடந்து பார்க்கட்டும்.

இதைத் தடுக்கச் சட்டம் உண்டா? கடை, உணவு விடுதி, கிணறு, குளம் இவற்றிலே சாதி மதம் பார்த்து ஒருவனைத் தடுக்கக்கூடாது என்கிறது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு. வாடகைக்கு விடும் தனியார் வீடு அந்தப் பட்டியலிலே இல்லை. 2017-ஆம் ஆண்டுச் சட்டமோ வாடகையை எப்படிக் கூட்டுவது, எப்படிக் காலி செய்வது என்பதையெல்லாம் விரிவாகப் பேசுகிறது. சாதி சொல்லி வீடு மறுக்கக்கூடாது என்று ஒரு வரி கிடையாது. 2005-இலே, பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற அகமதாபாத் வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்தின் விதி செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அயல்நாட்டிலே என்ன செய்தார்கள்? கறுப்பருக்கு வீடில்லை என்று ஒளிவின்றிச் சொன்ன நாடு அமெரிக்கா. 1968 ஏப்ரல் 4-இலே மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே வாரத்தில், ஏப்ரல் 11-இலே, நிறம், இனம், மதம் பார்த்து வீடு விற்க மறுப்பதும் வாடகைக்கு விட மறுப்பதும் குற்றம் என்ற சட்டம் கையெழுத்தாயிற்று. அதே ஆண்டு பிரிட்டனும் வீட்டு விஷயத்திலே நிறவெறிக்குத் தடை போட்டது. யேல் பல்கலைக்கழகத்தின் அழைப்பின் பேரில் அண்ணா அமெரிக்கா சென்றதும் அதே 1968-இலேதான். சட்டம் வந்ததும் வெறுப்பு மாய்ந்ததா? இல்லை; இன்னும் அங்கே வழக்குகள் நடக்கின்றன. ஆனால் வழக்குப் போட வழி இருக்கிறது. இங்கே வீடு மறுக்கப்பட்டவன் எந்த அலுவலகத்துப் படியேறுவான்?

நம் ஆட்சிகள் ஒன்றும் செய்யவில்லையா என்றால், செய்தன. 1970-இலே குடிசை மாற்று வாரியம் அமைத்தார் கலைஞர். குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு எழுந்தது. 1997-இலே பெரியார் நினைவு சமத்துவபுரம் என்ற திட்டம் அறிவித்தார். நூறு வீடு என்றால் 40 ஆதித்திராவிடருக்கு, 25 பிற்படுத்தப்பட்டவருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டவருக்கு, 10 மற்றவருக்கு. சுவரோடு சுவர் ஒட்டி. முதல் சமத்துவபுரம் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையிலே 1998-இல் திறக்கப்பட்டது. அடுத்த வீட்டுக்காரன் யார் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சாதியிடமிருந்து பறித்த திட்டம் அது. ஆனால் சென்னையிலே அதற்கு நேர்மாறாகவும் நடந்தது, மறைப்பானேன்? 2000-ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, பிறகு பெரும்பாக்கம் என்று, ஆற்றங்கரை மக்களை ஏறத்தாழ இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கொண்டுபோய் ஓரிடத்திலே அடுக்கினார்கள். கழக ஆட்சியிலும் நடந்தது, அடுத்த ஆட்சியிலும் நடந்தது. கண்ணகி நகர் என்று முகவரி சொன்னால் வேலை கொடுக்கவே தயங்குகிறார்கள் என்கிறார்கள் அங்குள்ள பெண்கள். ஊர்தோறும் சேரியைத் தனியே வைத்த பழக்கத்துக்கு லிப்ட் வைத்துக் கட்டிய மாடி எதற்கு?

2025-இலே அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக அறிவிப்பு வந்தது. தெருக்களின் சாதிப் பெயர்களை மாற்றவும் ஆணை பிறந்தது. நல்லதே. தெருப்பலகை மாறட்டும். ஆனால் எந்தத் தெரு என்ற கேள்வி வீட்டுக்காரர் நாக்கிலே அல்லவா இருக்கிறது?

பேச்சு முடிகிற நேரத்திலே தரகர் ஒன்று சொன்னார். அதை எழுதலாமா என்று கூட நண்பர் ஒருவர் கேட்டார். எழுதத்தான் வேண்டும் என்றோம். "கோவிச்சுக்காதீங்க சார். உங்க கட்சிக்காரர் வீடும் என்கிட்ட ரெண்டு இருக்கு. கூடத்தில பெரியார் படம் மாட்டியிருக்கார், அண்ணா படம், கலைஞர் படம் எல்லாம் இருக்கு. மாடி போர்ஷனுக்கு மட்டும், நம்ம ஆளா பாத்துக் கூட்டிட்டு வாப்பான்னு சொல்லியிருக்கார்."

நம்ம ஆள்! கூட்டத்திலே கைதட்டும்போது நம்ம ஆள் என்றால் தமிழன். தேர்தலிலே நம்ம ஆள் என்றால் கழகத்தான். மாடிக்குக் குடிவைக்கும்போது மட்டும் நம்ம ஆள் என்றால் தன் சாதியானா? பார்ப்பனியம் என்பது அக்கிரகாரத்திலே மட்டும் குடியிருப்பதென்று யார் சொன்னது? வாடகை கேட்காமல் நம் மாடியிலேயே அல்லவா குடியிருக்கிறது!

நாம் கோருவது இது. 2017-ஆம் ஆண்டுச் சட்டத்திலே, சாதி, மதம், உணவு இவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதும், அப்படி விளம்பரம் செய்வதும் குற்றம் என்று ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும். மூன்று மாத முன்பணத்துக்கு முன்னே நிற்கும் அந்த 'வேறுவிதமாக ஒப்பந்தம்' வெட்டப்பட வேண்டும். தரகர்கள் பதிவு பெற்ற தொழிலாளராக வேண்டும்; இன்ன சாதியான் வேண்டாம் என்று சொல்லும் வீட்டுக்காரரிடம், ஐயா, அப்படிப் பார்த்தால் என் பதிவு போய்விடும் என்று அவர் சொல்ல ஒரு பிடி கிடைக்க வேண்டும். இன்று அந்தப் பிடி இல்லாமல்தான் அவர் தலையாட்டுகிறார்.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாத வேலை ஒன்றும் இருக்கிறது. வட்டச் செயலாளர்களும் பகுதிச் செயலாளர்களும் தங்கள் வட்டாரத்து வீட்டுத் தரகர்களை ஒருநாள் படிப்பகத்துக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, சொல்லி வையுங்கள்: கழகத் தோழர் வீடு காலியாக இருந்தால், வருபவரிடம் கேட்க வேண்டியது இரண்டு. எத்தனை பேர் குடியிருப்பீர்கள், வாடகை எந்தத் தேதியிலே தருவீர்கள். மூன்றாவது கேள்வி கேட்கச் சொல்லும் தோழர் யாராக இருந்தாலும், அவர் பேரைப் படிப்பகத்திலே வந்து சொல்லட்டும்.